கோட்டின் உள்பக்கம்

“பேசாத நாள்லயும் நீங்க என் அப்பாதானே?”

மகள் ஏழு வயதில் கேட்டது. துணி வெட்டும் கத்திரியை எடுத்துக் காகிதத்தில் பொம்மை வெட்டிவிட்டாள். காகிதம் வெட்டினால் கத்திரி மழுங்கிப்போகும். பிறகு துணியைக் கடித்துக் குதறும். தையல் கடையில் அது பெருங்குற்றம். தையல்காரரான அப்பா கை நீட்டி அடிக்கிறவர் அல்ல. மூன்று நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மாலை அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று இதைக் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை. இன்னும் வேகமாக மிதித்தார்.

நான்காம் நாள் பேசினார். அந்தக் கேள்வியை மட்டும் இருவரும் மறுபடி தொடவில்லை. பிள்ளை நல்லபடியாக வளரவேண்டும் என்று தினமும் விடிந்ததும் கைகூப்பி நிற்கிறவர் அவர். அந்த மூன்று நாளும் அவளைப் பற்றிக் கடவுளிடம் பேசினார், அவளிடம்தான் பேசவில்லை.

மகள் கல்யாணமாகிப் போய், மனைவியும் காலமானபின் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவர் ஒருவர்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாடிக்கைக்காரர் வராத நாட்களில் வாயைத் திறக்கவே வேலை இல்லை. மூன்று நாள் எவ்வளவு நீளம் என்று இப்போது தெரிகிறது.

மதியம் மகள் போன் செய்தாள்.

“என் கோட்டு ரெடியாப்பா? சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்.”

“உள்ள கிழிஞ்ச லைனிங் துணிய மாத்திட்டேன். ஓரம் மூடணும், அவ்வளவுதான்.”

“உங்க பேத்தி சுவர் பூரா கிறுக்கி வச்சிருக்கா. சரி, நம்ம அப்பா வைத்தியத்தப் பாப்போம்னு பேசாம உக்காந்தேன். அரை மணி நேரம் தாங்கலப்பா. நானே போய்த் தூக்கிக்கிட்டேன்.” சிரித்தாள். “நீங்க எப்படிப்பா மூணு நாள் இருந்தீங்க? சரியான கல்லுளிமங்கன்!”

அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அன்றைக்கு அந்த இரண்டாம் நாள் அவள் தூங்கியபின் அவளுடைய பள்ளிச் சட்டையை எடுத்து, கெட்டியாக இருந்த பொத்தான்களையே பிரித்து மறுபடி தைத்ததைச் சொல்லியிருக்கலாம்.

“பாத்து வாம்மா” என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்து மடியில் விரித்தார். ஓரம் இன்னும் மூடாமல் திறந்திருந்தது. ஊசியில் நூல் கோத்தார். இடது மார்புக்கு நேராக, லைனிங்கின் பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு சின்னச் சின்னத் தையலாகப் போட்டார்: ‘ஆமாம்மா. எல்லா நாளும்.’ இரண்டு முறை நூல் அறுந்தது. மறுபடி கோத்தார்.

பிறகு ஓரத்தை மூடினார். யாரும் பிரிக்காதவரை அது வெளியே தெரியாது. பிரிக்கத் தேவைப்படாத அளவுக்கு நெருக்கித் தைத்தார்.

வாசல் பக்கம் கோட்டை மாட்டினார். இரண்டு கைகளும் லேசாக முன்னால் வளைந்து தொங்கின, தூக்கச் சொல்லி நிற்கும் பிள்ளையைப் போல.