கயிறு அறுகிற வேகம்

சலவைக் கடையின் பின்னறையில், இஸ்திரி மேசையின் ஒரு முனையில் மகள் இயற்பியல் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தாய் சட்டைகளை மடித்தபடி காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்திருந்தாள்.

"அரைக் கிலோ கல்லு. ஒரு மீட்டர் கயிறு. வினாடிக்கு நாலு மீட்டர் வேகத்துல தரைக்கு இணையா சுத்துது. கயித்துல எட்டு நியூட்டன் இழுவிசை. இதுவரைக்கும் சரி. வேகம் ரெண்டு மடங்கானா?"

"இதுக்கா இவ்வளவு நேரம் மூளையக் கசக்கற? பதினாறு."

"போச்சு, உனக்கு முட்டை மார்க். முப்பத்திரண்டும்மா."

"ரெண்டு மடங்குதானடி?"

"வேகத்த வேகத்தாலயே பெருக்கணும். நாநாலு பதினாறு, எட்டெட்டு அறுபத்தி நாலு. வேகம் ரெண்டு மடங்குன்னா இழுப்பு நாலு மடங்கு. இந்தக் கயிறு இருபத்தஞ்சுதான் தாங்குமாம். பட்டுனு அறுந்துரும்."

தாயின் கையிலிருந்த சட்டை மடிப்புக் கலைந்து சரிந்தது.

"இன்னொரு தடவை போடு."

மகள் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். அதே முப்பத்திரண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், விடாத மழையில், துணி பிழியும் டிரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றட்டும் என்று மோட்டாருக்குப் பெரிய புல்லி மாட்டச் சொன்னவள் தாய்தான். கடையில் கணக்கு என்று வந்தால் அவள் சொல்தான். கணவர் மறுபேச்சுப் பேசமாட்டார். டிரம்மைச் சுற்றி இரும்புப் பட்டை ஒட்ட வந்த அவளுடைய தம்பி, வெல்டர், கேட்டான்: "இழுப்பு எவ்வளவுக்கா கூடும்?"

"ரெண்டு மடங்கு," என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அப்ப மூணு மடங்கு தாங்கற மாதிரியே போட்டுர்றேன். இருக்கறது ஒரே மச்சான்," என்று சிரித்தான்.

நான்காம் நாள், கனத்த போர்வைகளைப் போட்டபோது பட்டை பிய்ந்து டிரம் வெடித்தது. எதிரே நின்றிருந்தவர் கணவர்.

ஒட்டு விட்டுவிட்டது என்று ஊரே சொன்னது. அவளோ சாவு வீட்டு வாசலில் வைத்து, அத்தனை பேர் முன்னாலும், "உன் கையாலதான்டா அவரு போனாரு" என்றாள். அவன் வெல்டிங்கை விட்டுவிட்டு ஏதோ கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான் என்று கேள்வி.

இப்போது தாய் போனில் அவன் எண்ணைத் தேடி அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"ரெண்டு மடங்குன்னு சொன்னேன்ல. நாலு மடங்குடா. தப்பு என் கணக்குல. உன் பட்டையில இல்ல."

மறுமுனையில் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"பாப்பா போட்டா. ரெண்டு தடவை."

"அப்ப... என் ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சாக்கா?"

"நல்லாத்தான்டா இருந்துச்சு."

அவன் மூச்சு இரைத்தது. அழுகிறானா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதை எங்கே தொடங்குவது?

மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, எந்தக் கணக்கு தப்பு?"

தாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"இப்படி வந்து உக்காரு," என்றாள். "மாமாவும் கேக்கட்டும். அப்பா நெஜமா எப்படிப் போனாருன்னு சொல்றேன்."