பெட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு

நேர்காணல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த அவள் சொன்னதற்கெல்லாம் திரையில் இருந்த அதிகாரி அம்மாள் தலையாட்டினாள். ஆட்டிய தலை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது.

ஆட்குறைப்பு என்று பழைய கம்பெனி கைகழுவியதிலிருந்து எத்தனையோ இடத்தில் முட்டி மோதிப் பார்த்துவிட்டாள். கடைசிச் சுற்றுவரை வந்தது இந்த ஒரு வேலைதான்.

ஒரு வாரமாகவே இதே கூத்து. மத்தியானமானால் நெட் படுத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். நடுவில் ஒரு நாள் காலையில் கேபிள்காரரும் வந்து வயரை மாற்றிவிட்டு, "லைன் பக்காவா இருக்கு மேடம். மறுபடி நின்னா ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டுப் போடுங்க" என்று கழன்றுகொண்டார். சுலபமான வைத்தியம்!

கஸ்டமர் கேருக்கு போன் போட்டாள். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், பிறகு மூன்றை. அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அலுத்துப்போய், போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அறைக்கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தாள்.

மோடத்துக்குப் பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கை சுவிட்சில், இன்னொரு கை துண்டால் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"மாமா! நீங்களா ஆஃப் பண்ணீங்க?"

"தொட்டுப் பாத்தேன், கொதிக்குதும்மா. ஒரு வாரமாவே தினமும் மத்தியானம் கொஞ்சம் ஆற விடறேன். அந்தக் கேபிள்காரரும் அதையேதானே சொன்னாரு, ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டுப் போடுங்கன்னு? பாவம், காலைலேருந்து ஓயாம உழைக்குது."

வாய்வரைக்கும் வந்த கோபம் அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் தடுக்கி விழுந்தது. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, துவைத்து, குழந்தைகளைக் கிளப்பி அனுப்பிவிட்டு, அரக்கப்பரக்கத் தலைவாரிக்கொண்டு நேர்காணலில் உட்கார்ந்தவள் அவள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை இன்றுதான் கேட்கிறாள், அதுவும் மோடத்துக்காக. அவளுக்கு அழுகை முட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் பாட்டு நின்று ஒரு பெண் குரல் கேட்டது. "சொல்லுங்க மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"தினமும் பண்றோம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

கைநீட்டி சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. அந்த அதிகாரி அம்மாளிடமிருந்து மெயில் வந்திருந்தது. நாளைக் காலை ஒரு முறை, ஒரே முறை, மீண்டும் பேசலாமாம்.

"மாமா, நாளைக்கும் எனக்கு இன்டர்வியூ இருக்கு. அது முடியற வரைக்கும் தயவுசெஞ்சு இதை நிறுத்தாதீங்க."

"நீ பேசிட்டிருக்கும்போதா நிறுத்துவேன்?" அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "ஆளை ஏத்திக்கிட்டு நடுவழியில வண்டிய நிறுத்தற பழக்கம் எனக்கு என்னிக்குமே கிடையாதும்மா!"