டீச்சரம்மாவின் இழுப்பு

தச்சர் வீட்டுக் கொல்லையில் ஐந்து கோழிகள். அதில் ஒன்றுக்கு டீச்சரம்மா என்று பெயர். மற்ற நாலையும் கொத்திக் கொத்தி ஒழுங்காக நிற்க வைப்பதுதான் அதன் வேலை. அந்த டீச்சரம்மா இப்போது கண்ணில் நீர் கட்டி, வாயைப் பிளந்து மூச்சு இழுத்துக்கொண்டு மூலையில் கிடந்தது.

"எல்லாம் உங்க அக்கா செஞ்ச வேலை. ஊசிப்போன சோத்தை மதில் மேலேர்ந்து கொட்டினா வேற என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

தச்சரின் அக்கா பக்கத்து வீடுதான். காலையில் மனைவி மதிலோரம் நின்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். வாய்ச் சண்டையில் யாருக்கும் சளைக்காத அக்கா, "நல்ல சோறுன்னு நெனச்சுத்தான் போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தம்பிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஏனென்றால் சோறு காரணமில்லை என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் மனைவி, "கூட்டுல ஒரே ஈரம். கீழ பரப்ப பட்டறையிலேர்ந்து ஏதாவது கொண்டாங்க" என்றிருந்தாள். இழைப்பு மேசைக்கு அடியில் நல்ல மரத்தின் சுருள் சீவல் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. ஆனால் குனிந்து வாரி மூட்டை கட்ட வேண்டும். தேய்ப்பு மெஷினின் பையிலோ அலமாரிப் பலகையின் தூள் நிறைந்து கிடந்தது. பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. தூள் மாவு மாதிரி இருக்கும். எப்படியும் கொட்டியாக வேண்டிய குப்பை. அதை அப்படியே வண்டியில் கட்டிக்கொண்டு வந்து கூட்டில் பரப்பினார். குப்பையும் தொலைந்தது, பெண்டாட்டியிடம் நல்ல பெயரும் கிடைத்தது.

அந்தப் பலகையில் கை வைத்தால் மாஸ்க் இல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார் மனிதர். மாஸ்க் போடாதவனைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார். கோழிக்கும் மூக்கு உண்டென்பது மறந்துபோயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மறதி இல்லை, சோம்பல். அதன் பழியை இப்போது அக்கா சுமக்கிறாள்.

சாயங்காலம் ஒரு மூட்டை சீவலோடு வந்தார். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ போ."

"களைச்சுப்போய் வந்திருக்கீங்க, நகருங்க" என்று மனைவி துடைப்பத்தோடு கூட்டுக்குள் குனிந்தாள். நாலு இழுப்பு பெருக்குவதற்குள் தூள் புகையாக எழும்ப, அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

தச்சரின் கை தன்னாலே சட்டைப்பைக்குள் போயிற்று. "இந்தா, இதைப் போட்டுக்கிட்டுப் பெருக்கு."

அவள் மாஸ்க்கைப் பார்த்தாள். தினமும் அவள் கையால் துவைப்பதுதான். அதன் மடிப்பில் படிந்திருந்த பழுப்புத் தூளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோழிக்கு யாரு போட்டு விட்டா?"

"பை நெறைஞ்சு கெடந்துச்சு... சீவலை வாரணும்னா நேரமாகும்னு..."

"காலையில அண்ணிய நான் அந்தப் பேச்சு பேசறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

அவள் டீச்சரம்மாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "அண்ணிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. இதைச் சுத்தம் பண்ணிட்டு நானும் வரேன். எந்த மூஞ்சியோட வர்றதுன்னுதான் தெரியல."

கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தச்சர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அதன் இழுப்பு அவர் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. கதவைத் திறந்த அக்கா கோழியைத்தான் முதலில் பார்த்தாள். இவர் வாயெடுப்பதற்குள் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழைச்சுக்குமாடா? சத்தியமா எனக்குத் தெரியாதுடா தம்பி. என்னை மன்னிச்சிடச் சொல்லுடா அவளை."