யூலாலிக்கு உப்பில்லாத களி

ஆம்புரோஸின் மனைவி யூலாலி செத்து ஏழு வருடமாகியும் வீட்டைவிட்டுப் போனபாடில்லை. தப்பு அவளுடையதல்ல. கரீபியன் கடலிலிருக்கும் இந்தக் கேரியக்கூ தீவில் ஒருவர் முழுதாகச் செத்துப்போக இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, மண்ணில் புதைக்க வேண்டும். அதை ஆம்புரோஸ் ஒழுங்காகச் செய்திருந்தார். இன்னொன்று, பெயர் பொறித்த கல்லைக் குழிமேல் நட்டு, ஊருக்கு விருந்து வைத்து, செத்தவருக்கென்று தனித்தட்டில் உப்பில்லாமல் சமைத்துப் படைக்க வேண்டும். உப்புப் பட்டால் ஆவி கனத்துவிடும். பறந்து முன்னோர்களிடம் போய்ச் சேராது. இது பரிசோதித்துப் பார்த்த விஷயம். ஆம்புரோஸின் நண்பர் கிளமெண்டின் பெரியப்பாவுக்கு மறதியாக ஒரு சிட்டிகை போட்டுவிட்டார்கள். அவர் மரக்கிளை உயரத்துக்குமேல் எழும்ப முடியாமல் மூன்று மாதம் கோழிகளோடு உட்கார்ந்திருந்தார். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திய பிறகுதான் வீட்டாருக்கே தெரிந்தது.

ஆம்புரோஸ் கல் நடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதல் இரண்டு வருடம் இங்கிலாந்திலிருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் நோய் வந்து உலகத்தையே மூடினார்கள். ஆறாம் வருடம், விருந்துக்கென்று வளர்த்த ஆடு கிழடாகி, பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டு, இயற்கையாகவே செத்தது. யூலாலி மாதம் ஒருமுறை கனவில் வந்து வாசற்படியில் நின்று, "என்ன, ஆச்சா?" என்பாள். "அடுத்த வருஷம்" என்பார். அவள் உள்ளே வரமாட்டாள்.

யூலாலியின் தங்கை பெனடிக்டா பக்கத்து வீடு. அவள் கனவுக்கெல்லாம் காத்திருப்பதில்லை, வேலிக்கு மேலேயே கேட்பாள்.

"அத்தான், எங்க அக்காவ இன்னும் எத்தன வருஷம் படியிலேயே நிக்க வெக்கப் போறீங்க? அவளுக்கு முழங்கால் வலின்னு தெரியுமில்ல?"

கடைசியில் ஜூலை முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். கிளமெண்ட் கொத்தனார், மீனும் பிடிப்பார். அவரே சிமெண்டில் கல்லை வார்த்துப் பெயரை எழுதிக் கொடுத்தார். முறைப்படி அதை யூலாலியின் கட்டிலில் படுக்கவைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, இரண்டு சொட்டு ரம் தெளித்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை புயல் வந்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. இது ஆனிக்காற்றுத்தான், ஆனால் பழமொழியைப் படித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. முதலில் பெனடிக்டாவின் கோழிக்கூடு கோழிகளோடு கிழக்கே போனது. பிறகு ஆம்புரோஸின் கூரைத் தகரம் ஒவ்வொன்றாய்க் கழன்று, பக்கத்து நாட்டை நோக்கிப் பறந்தது. தலைமுறை தலைமுறையாகக் கள்ளச்சரக்குக் கடத்திய தீவு இது. அதில் சுங்க அதிகாரி கண்ணெதிரே, பகல் வெளிச்சத்தில் எல்லை தாண்டிய சரக்கு அந்தத் தகரம் மட்டும்தான். சுவர்கள் போக ஆரம்பித்ததும் ஆம்புரோஸ் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார். ஒரு தகரத் துண்டு வந்து அவர் பாதத்தைக் கிழித்தது. காற்று கட்டிலைத் தூக்கப் பார்த்தது. மேலே கல் இருந்ததால் முடியவில்லை. நடுவில் அரை மணி நேரம் காற்று நின்றது. அந்த அமைதியில் அவர் "யூலாலி, அழுத்திக்கோ" என்றார். அப்புறம் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடித்தது.

மத்தியானம் எல்லாம் முடிந்தபோது வீடு இல்லை. வெட்டவெளியில் ஒரு கட்டில், அதன்மேல் ஒரு கல், அதன்கீழ் ஒரு கிழவர். மலையில் ஒரு இலைகூட இல்லை. தீவு உரித்த கோழிபோல் கிடந்தது. கிளமெண்ட் வந்து குனிந்து பார்த்தார்.

"உசுரோட இருந்தப்பவும் அவதான் உன்ன அமுக்கி வெச்சிருந்தா. செத்தும் விடல பாரு."

"அவள எப்படியாவது சனிக்கிழம கொண்டுபோயிடணும், கிளமெண்ட்."

"ம். முதல்ல கால காட்டு."

சனிக்கிழமை நடக்கவில்லை. கல்லறைக்குப் போகும் பாதை முழுக்க மரமும் மின்கம்பமும் யாரோ ஒருவருடைய சமையலறையும் விழுந்து கிடந்தன. தள்ளுவண்டி போக வழியில்லை. ஆம்புரோஸுக்கோ கால் ஊன்ற முடியவில்லை. புயலுக்கு மூன்றாம் நாளே, காணாமல்போன தன் படகைத் தேடிக் கிளமெண்ட் மட்டும் பாறைகளில் தொற்றிக் கரையோரமாகப் போய்வந்தார்.

"படகு?"

"பாதி கெடச்சுது. எந்தப் பாதின்னுதான் தெரியல."

"கல்லறைப் பக்கம் போனியா?"

கிளமெண்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ பார்த்தார். "போனேன். கொஞ்சம் நனைஞ்சிருக்கு."

"அவ இடம்?"

"அங்கதான இருக்கும். எங்க போகப்போறா?"

ஆம்புரோஸுக்கு அது போதுமாயிருந்தது. அதன்பின் அவருடைய கவலையெல்லாம் தட்டைப்பற்றித்தான். விருந்துக்கு ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை, ஊர் மன்னித்துவிடும். யூலாலியின் தட்டு அப்படியல்ல. நிவாரணக் கப்பலில் மத்தி மீன் டப்பா வந்தது. உப்பு. டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி வந்தது. அதுவும் உப்பு. பிஸ்கட் வந்தது, ஆம்புரோஸ் நக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மூட்டையில் இருந்த சோளமாவைக் கடல் தெறித்து ஊறவைத்திருந்தது. வீட்டுத் தொட்டிகளில் சேர்த்த மழைத்தண்ணீரில் கடல் புகுந்து, ஒரு தொட்டியில் சின்ன சுறா ஒன்று வாடகைக்கு இருந்ததாகக் கிளமெண்ட் சத்தியம் செய்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தத் தீவில் குப்பையில்கூட உப்பில்லாத பண்டம் கிடைக்கவில்லை.

ஆம்புரோஸ் தார்ப்பாய்க்குக் கீழே கல்லின் பக்கத்தில் தூங்கினார். யூலாலி கனவில் வரவில்லை. அதற்கு அவர் காரணம் வைத்திருந்தார்.

"வாசற்படியே இல்லையே, எங்க வந்து நிப்பா?" என்றார் பெனடிக்டாவிடம்.

பெனடிக்டா தன் இடிந்த வீட்டுக்குள் போய், மண்ணில் கைவிட்டுத் துழாவி, ஒரு ரம் பாட்டிலை எடுத்துவந்தாள். உள்ளே சோளம், மெழுகால் மூடியது.

"விதைச்சோளம்," என்றாள். "இந்த மழைக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன்."

"அப்ப நடுறதுக்கு?"

"எந்த மண்ணுல அத்தான்? காட்டுங்க, நடுறேன்."

பதினாலாம் நாள் பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பெனடிக்டா சோளத்தை இரண்டு கல்லுக்கு நடுவில் நசுக்கினாள். ஆளுக்கு இரண்டு என்று கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலில் தன்னுடையதைக் குடிக்காமல் மிச்சம் வைத்திருந்தாள். அதில் களி கிண்டினாள். புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. வாசனைக்கு நாலு வீட்டு ஆட்கள் வந்து நின்று, எவருடைய தட்டு என்று தெரிந்ததும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

கிளமெண்ட் மட்டும், "ஒரு வாரம் போகட்டுமே. உன் கால் சீழ் வெச்சிருக்கு," என்றார்.

"ஏழு வருஷம் போயிடுச்சு."

"வெயில் வேற."

"உனக்குத் தள்ள முடியலன்னா சொல்லு. நான் தள்ளுறேன்."

கிளமெண்ட் வண்டியின் பிடியை எடுத்துக்கொண்டார். அவருக்கு எழுபது வயது, கல்லுக்கு அவரைவிட எடை. ஆம்புரோஸ் கம்பூன்றிப் பின்னால் வந்தார். பெனடிக்டா வெள்ளைத் துணி மூடிய தட்டைத் தலையில் வைத்திருந்தாள். இலையில்லாத மரங்களுக்கு நடுவே நிழல் ஒரு கோடு அளவுக்குத்தான் விழுந்தது. கிளமெண்ட் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். மூச்சுக்கு என்று ஆம்புரோஸ் நினைத்தார்.

கடைசி வளைவு திரும்பியதும் பாதை முடிந்தது. மண் கத்தியால் வெட்டினதுபோல் நேராக அறுந்து இறங்கியது. அதற்குப்பின் கடல். வெட்டிலிருந்து வேர்கள் தொங்கின. குழிகளைச் சுற்றி அடையாளத்துக்குப் பதித்திருந்த பெரிய சங்குகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எது யாருடையது என்று இனிச் சொல்ல முடியாது. யூலாலியைப் புதைத்த இடம் வெட்டுக்கு அப்பால் நாற்பதடியில் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு அலை எழுந்து மடங்கியது.

ஆம்புரோஸ் எண்ணிப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"நனைஞ்சிருக்குன்ன," என்றார்.

"ஆமா."

"எப்ப பாத்த?"

"மூணாம் நாளே." கிளமெண்ட் பிடியை விடவில்லை. "நீ கேட்டப்ப உன் தலைக்கு மேல கூரை இல்ல. கால்ல ரத்தம். அதோட இதையும் எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நாளைக்கு. நீ ஏழு வருஷம் தள்ளிப்போட்ட, நான் பதினொரு நாள் தள்ளிப்போட்டேன்."

ஆம்புரோஸ் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கிளமெண்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"களி ஆறுது அத்தான்," என்றாள் பெனடிக்டா. "எங்க வைக்கணும், சொல்லுங்க."

ஆம்புரோஸ் தட்டை வாங்கி விளிம்புவரை போனார். கடலில் போடலாம். போட்ட உடனே உப்பாகிவிடும். போடாவிட்டாலும் ஒன்றுதான், அவளே அதற்குள் கிடக்கிறாள், வாயிலும் கண்ணிலும், பதினாலு நாளாக. உலகத்து உப்பு முழுவதும் அவள்மேல். ஒரு சிட்டிகைக்கே ஒரு மனிதர் மூன்று மாதம் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தார்.

"இனி அவ எழும்பமாட்டா," என்றார்.

பெனடிக்டா ஏதாவது மறுத்துச் சொல்வாள் என்று கிளமெண்ட் அவளைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்தவர் தட்டில் உயிரோடிருப்பவர் கைவைக்கக் கூடாது. ஆம்புரோஸ் வண்டியோரம் தரையில் உட்கார்ந்தார், துணியை நீக்கினார், ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். தட்டைக் கிளமெண்ட் பக்கம் நகர்த்தினார். கிளமெண்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கவளம் எடுத்தார். பெனடிக்டா வெகுநேரம் நின்றாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். விதைச்சோளம் என்பதால் பல்லில் கடினமாக நெருடியது. தட்டு காலியானது, வயிறு நிறையவில்லை.

மேட்டில் கல்லைத் திரும்பத் தள்ள மூவருக்கும் தெம்பில்லை. சாய்த்து இறக்கி, பாதை அறுந்த இடத்தில் மல்லாக்க வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினார்கள். ஆம்புரோஸுக்கு அன்றைக்கும் கனவு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எதிர்பார்க்கவும் இல்லை.