நாற்பத்தொரு மரங்களின் சுற்றளவு

2009ஆம் ஆண்டு மார்ச் முதல், இத்தாலியின் பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் மூன்றாம் மாடி வீடொன்றின் வரவேற்பறையில் நாற்பத்தொரு கொங்கோக் காட்டு மரங்கள் நின்றன. அவை வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா செலஸ்ரீனாவின் மரங்கள். இருபத்தாறு ஆண்டுகள் வருடம் தவறாமல் அந்தக் காட்டுக்குப் போய் அவற்றின் சுற்றளவை அளந்தவர் அவர். முழங்கால் தேய்ந்து அவரால் போக முடியாமற்போனதும் மரங்களே வந்துவிட்டன. மேல்மாடிக்காரர் தன் வீட்டுக்குள் நுழைந்த கிளைகளில் துணி காயப்போடப் பழகிக்கொண்டார். அங்கே காட்டில் ஒரு மரம் வெட்டப்பட்டால் இங்கே அது மறைந்து ஒரு பிடி மரத்தூள் கிடக்கும். வேலைக்கு வரும் கனகேஸ்வரி அதைக் கூட்டி அள்ளுவாள். ஆனால் சிஞ்ஞோரா அளப்பது ஞாயிற்றுக்கிழமையில். அன்று அவளுக்கு விடுமுறை.

2014இல் சிஞ்ஞோரா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தபோது, அவர் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று கனகேஸ்வரி மரங்களையும் தேய்த்துக் கழுவினாள். நெஞ்சுயரத்தில் ஓடிய சிவப்பு வர்ணக் கோடுகள் அழுக்கோடு அழுக்காகப் போயின. ஆண்டுதோறும் நாடாவை அதே கோட்டில் வைத்தால்தான் மரம் பருத்ததா இல்லையா என்று தெரியும். அரை விரல் மாறினாலும் பழைய கணக்கு உதவாது.

சிஞ்ஞோரா திரும்பிவந்து பட்டையை நெடுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு, பஸ் தவறினாலும் ஆள் போனாலும் பலேர்மோக்காரர் சொல்வதுபோல, பொறுமை என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் கனகேஸ்வரிக்கு மனம் ஆறியிருக்கும்.

“வீடு துடைக்கப் போனனீ, காட்டையும் துடைச்சுப்போட்டு வந்தனியோ?” என்று சிரித்தார் கணவர் கோபாலசிங்கம்.

“ஊத்தையெண்டு நினைச்சிட்டனப்பா. முப்பத்தொரு வருசக் கணக்கு! என்ரை கையாலை போச்சு,” என்று அவள் அழுதாள்.

சிஞ்ஞோரா புதுக் கோடுகள் போட்டு முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினார். நாடாவின் மறுநுனியைக் கனகேஸ்வரி பிடித்தாள். பத்து வருடமாவது சேர்ந்தால்தான் மரங்கள் உருப்படியாக எதையும் சொல்லும். சிஞ்ஞோராவுக்கு அப்போது எண்பத்தொரு வயது; மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார். வீட்டை வாங்கியவர்கள் மரங்கள் மறைந்த இடத்தில் சோபா போட்டார்கள். மார்ச் மாதத்தில் நாடாவோடு வரும் கனகேஸ்வரிக்குக் கோப்பி கொடுத்தார்கள்.

2024 மார்ச்சில் பத்து வருடம் சேர்ந்தது. அளவு எழுதும் கொப்பியில் ஓர் எண்கூட விடுபடவில்லை. மரங்கள்தான் மூன்றாகக் குறைந்துவிட்டன. அவற்றில் ஒன்று இரண்டு விரல் பருத்திருந்தது. அவள் அதைச் சொன்னதும் வீட்டுக்காரர் எழுந்து சோபாவைச் சற்றுத் தள்ளிப் போட்டார்.