பேல் பிரஸ்ஸில் போன கல் பஞ்சு

பாறையை ஆயிரத்தைந்நூறு டிகிரியில் உருக்கி, பஞ்சுமிட்டாய் சுற்றுவதுபோலச் சுழற்றிப் பஞ்சாக்குகிறார்கள். அந்தப் பஞ்சுப் பலகைகளை ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டங்கியில் வைத்து விற்பது என் பிழைப்பு. தகரக் கூரைக்கு அடியில் பதித்தால் வெயில் உள்ளே இறங்காது, தீப்பிடிக்காது, ஏசிக்கு அழுகிற கரண்டு மிச்சம். இதை யாருக்கும் விளக்கிவிடலாம், பஞ்சிலேயே பிறந்து வளர்ந்த இராஜபாளையத்துக்காரரைத் தவிர.

பால்துரைக்கு அங்கே பேண்டேஜ் துணி கம்பெனி. மடிப்புக் கூடத்தில் முப்பது பெண்கள். சித்திரை வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததும், கூடத்து சூப்பர்வைசர் ஏசம்மாள் கெடு வைத்துவிட்டாள்: திங்கட்கிழமைக்குள் சூடு குறையாவிட்டால் எல்லோரும் வேறு கம்பெனிக்கு. ஏசி விலை கேட்டு அரண்டுபோய் பால்துரை என்னிடம் வந்தார். மூன்று நாள் பேரம். கடைசியில் பதிக்கிற கூலியையும் மிச்சம் பிடிக்க, தன் ஆட்களே பதிப்பார்கள் என்று நாற்பது கட்டு வாங்கிப் போனார்.

திங்கள் மதியம் ஏசம்மாள் போன் போட்டாள். "அண்ணாச்சி, உங்க பஞ்சு போட்டும் உள்ள வேகுது. நாங்க தூக்குவாளிய எடுத்துட்டோம். போறதுக்குள்ள வந்து பாக்கதுன்னா பாருங்க."

போய் ஏணியில் ஏறி ஒரு பலகையை உருவினேன். இரண்டு அங்குல கனத்தில் நான் அனுப்பியது அப்பளமாக வந்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"எடத்த அடைச்சுது அண்ணாச்சி. துணிக்கட்டு இறுக்குற பேல் பிரஸ்ல குடுத்து அமுக்கிட்டேன்," என்றார் பால்துரை. "எடை ஒரு கிலோ குறையல. போட்டே பாத்தேன்."

"வெயிலத் தடுக்கதே உள்ள இருக்க காத்துதான். அதப் பிதுக்கி விட்டுட்டீங்களே."

"பஞ்சுல காத்த வச்சு விக்கவன எங்க ஊர்ல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவோம்."

தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெற்கு மூலையில் மட்டும் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"அமுக்கும்போது கரண்டு போயிட்டு. எட்டு கட்டு தப்பிச்சுது. அது அந்த மூலைக்கு மேல இருக்கு," என்றாள் ஏசம்மாள். "மொதலாளி நாற்காலியும் காலையில இருந்து அங்கதான் கெடக்கு."

"அங்க வெளிச்சம் நல்லாருக்கு," என்றார் பால்துரை.

"வெளிச்சம் எங்க பக்கமும் உண்டு. செத்த நேரம் இங்கிட்டு உக்காருங்க. நீங்க இருக்க வரைக்கும் நாங்களும் இருக்கோம்."

உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்து என்னிடம் வந்தார்.

"முப்பத்திரண்டு கட்டு புதுசா அனுப்புங்க. பழசத் திருப்பி எடுத்துக்கிடுங்க."

"அப்பளத்த நான் யாருக்கு விக்க?"

"எடை அதேதான இருக்கு."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். பழசு அவருக்கே, புதுசுக்கு வண்டி வாடகை என் தலையில். புதன்கிழமைவரை பொறுப்பதாக ஏசம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை லோடோடு நானே போனேன். இறக்கிய கட்டுகளைச் சுற்றிவந்த பால்துரை, பிரஸ் அறைப் பக்கம் பார்த்தார்.

"பதிக்க ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் எங்க வைக்க? லேசா அமுக்குனா..."

ஏசம்மாள் இடுப்பில் செருகியிருந்த முந்தியைத் தட்டிக் காட்டினாள். பிரஸ்ஸின் பியூஸ் கட்டை மூன்றும் உள்ளே கடகடத்தன.

"பதிச்சு முடிங்க, தாரேன்."