உள்கூடு முப்பத்தாறு

அண்ணன் மூர்த்தி சென்னையிலிருந்து வந்தபோது அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பாதி தண்ணீர், பாதி காற்று, இரண்டு மீன்கள்.

"விலங்கியல் படிச்சிட்டு வீட்ல சும்மாதான இருக்க. வளத்துப் பாரு" என்று என்னிடம் நீட்டினான். மறுநாளே திரும்பிப் போய்விட்டான்.

சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். ஆண் என் உள்ளங்கை நீளம் இருந்தது. பெண் அதைவிடச் சிறியது, வயிற்றில் ஆரஞ்சு நிறம். மூர் மார்க்கெட்டில் ஜீப்ரா என்று சொல்லி விற்றார்களாம். பார்த்தவுடனே சிக்லிட் என்று தெரிந்துவிட்டது. ஏரியில் பிடித்து விற்கிறார்களே, ஜிலேபிக் கெண்டை, அதுவும் அந்தக் குடும்பம்தான். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"ஜிலேபியா? அப்ப கொழம்புக்கு ஆவுமா?"

"அம்மா!"

"கேட்டேன்டி. இந்த ரெண்டுல எம்மாங் கொழம்பு வரப்போவுது?"

துணி அலசும் டப்பில் இரண்டையும் விட்டேன். விடிந்து பார்த்தால் பெண் மீனின் வால் கிழிந்திருந்தது. ஆண் வந்து முட்டியது. பெண் ஓடி, டப்பைச் சுற்றி, மறுபடியும் ஆணின் முன்னாலேயே வந்து நின்றது. வட்டமான டப்பில் எங்கே ஓடினாலும் அப்படித்தான். ஆணைப் பிடித்து ஒரு வாளியிலும் பெண்ணை இன்னொரு வாளியிலும் போட்டேன்.

கல்லூரி ஆய்வகத்தில் ஜிலேபி ஜோடி ஒன்று இரண்டடித் தொட்டியில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது பெண் மீன் செதில் உதிர்ந்து மிதந்துகொண்டிருந்தது. இந்த மீன்கள் இடம் பிடித்துக்கொண்டு காவல் காப்பவை. துரத்தப்பட்டது அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் துரத்துவது திரும்பிவிடும். தாண்ட இடம் இல்லாவிட்டால் திரும்பாது. மூன்றடி நீளமாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உயரம் முக்கியமில்லை. நீளம்தான்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

அப்பா சக்கரபாணி தாலுகா ஆபீசில் கிளார்க். ஆனால் தெருவில் அவரைத் தேடி வருபவர்கள் மனையடி சாஸ்திரத்துக்காகத்தான் வருவார்கள். அறை எத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்பது அவருக்கு மனப்பாடம். நாங்கள் இருப்பது என்னவோ வாடகை வீடு.

"மீன் தொட்டியா? அதுக்கும் அளவு பாத்துதான் வெக்கணும்" என்றார். "அதுங்களுக்கு அது வீடுதான? சாஸ்திரம் ஆறடிக்கு மேலதான் சொல்லுது. நாம அடிக்குப் பதிலா இஞ்ச் வெச்சுக்கலாம்."

கூடத்துச் சுவரில் கதவில்லாத அலமாரி ஒன்று காலியாக இருந்தது. டேப்பை வைத்தார். இருபத்தாறரை இஞ்ச்.

"பாத்தியா! இருபத்தாறு. இந்திரனாட்டம் வாழ்வு. தானா அமையுது பாரு."

முப்பத்தாறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அகலத்துக்குப் போய்விட்டார். பதினாறு. "உசரத்துக்கு சாஸ்திரம் கெடையாது. நல்லா உசரமா ரெண்டடி வெச்சா பாக்க லட்சணமா இருக்கும். இன்னா ஆதி?"

"சரிப்பா" என்றேன்.

ஒத்தவாடைத் தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் ராஜமாணிக்கத்திடம் போனோம். ஒரு லாட்ஜுக்கு அவர் மீன் தொட்டி செய்து கொடுத்திருந்தார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி வைத்து, இடுக்கில் தண்ணீர் கசியாமல் மக்கு பூசி, அது காய ஒரு வாரம் விட வேண்டும்.

"அளவு உள்கூடா, வெளிக்கூடா சார்?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "எந்த ஊர்ல வெளிக்கூடு பாத்து மனை போடுவாங்க? உள்கூடுதான்."

உள்ளே இருபத்தாறு என்றால், கண்ணாடி, இரும்பின் கனத்தோடு தொட்டி அலமாரிக்குள் நுழையாது என்பது எங்கள் மூவருக்குமே அப்போது தோன்றவில்லை.

அந்த வாரம் தினமும் காலையில் வாளித் தண்ணீரில் பாதியை மாற்றினேன். சித்திரை வெயிலில் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மத்தியானத்தில் வாளி சூடேறி, இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெண்ணின் கிழிந்த வாலில் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தது. உப்பு போட்டேன். எவ்வளவு போட வேண்டும் என்று சரியாகத் தெரியாது. போட்ட பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி மூன்று சக்கர வண்டியில் வந்தது. ராஜமாணிக்கமும் வண்டிக்காரரும் தூக்கி அலமாரியில் வைக்கப் பார்த்தார்கள். கால் இஞ்ச் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

"செவுத்த லேசா கொத்திடலாமா சார்?"

"வாடகை வீடுய்யா."

"அப்ப தொட்டிய ஒரு இஞ்ச் கம்மி பண்ணித் தரேன்."

"இருபத்தஞ்சா? தெய்வம் தொணை நிக்காத அளவுய்யா அது."

ராஜமாணிக்கம் நெற்றியைத் துடைத்தார். "சரி சார், அந்த பெஞ்சு மேல வெச்சிடுங்க. தண்ணிய ஊத்தி மீன வுட்டா வேலை முடிஞ்சுது."

அப்பாவின் முகம் தெளிந்தது. "அதான் சரி. ஆதி, வாளிய எடுத்தா."

பின்கட்டுக்குப் போனேன். பெண் மீன் வாளியின் அடியில் தலையைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். இன்றைக்கே தொட்டியில் விட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும், வெயில் இருக்காது. ஆனால் இருபத்தாறு இஞ்ச். வேண்டாம் என்றால் இன்னும் ஒரு வாரம் இந்த வாளி. அதிலும் செத்துப்போகலாம். இரண்டில் எது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

"வாளி எங்க?"

"அப்பா, இது வேணாம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இதுல வுட்டா பொட்ட மீன் செத்துடும். முப்பத்தாறு வேணும்."

"இத இன்னாத்துக்கு இப்ப சொல்ற?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து, "நீங்க எப்ப அவள பேசவுட்டீங்க?" என்றாள்.

"ஜோடின்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும். சேத்து வெச்சா சரியாப் பூடும்."

"பூடாதுப்பா. காலேஜுல பாத்திருக்கேன்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "முப்பத்தாறுக்குப் பலன் நல்லாதான இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அவருக்கு மனதில் சாஸ்திர வரி ஓடுவது தெரிந்தது. "அரசாளுற அளவு" என்றார், வேண்டா வெறுப்பாக.

"மூணடியா?" ராஜமாணிக்கம் குறுக்கிட்டார். "இந்த கண்ணாடி தாங்காது பாப்பா. தண்ணி ஜாஸ்தி. பட்டுனு வுட்டுரும்."

"உசரத்த கம்மி பண்ணுங்க. ஒண்ணேகால் அடி போதும். கண்ணாடிய அமுக்கறது தண்ணியோட உசரம்தான்."

அவர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். "ஒடஞ்சா என்னக் கேக்கக் கூடாது. இந்த தொட்டிய நான் சாமி பொம்ம வெக்கற பெட்டியா வித்துக்கறேன்."

"இன்னும் ஒரு வாரமா?" என்றாள் அம்மா. "அப்ப என் வாளி ரெண்டும் இனிமே மீனுக்குத்தான்னு எழுதி வெச்சிடு."

அந்த வாரத்தின் நடுவில் பெண் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. போட்ட மண்புழுத் துண்டு அடியிலேயே கிடந்து வெளுத்தது. நான்தான் அந்தத் தொட்டி வேண்டாம் என்றேன். விரலால் தண்ணீரைத் தொடுவேன். துடுப்பு அசைந்தால் எழுந்துகொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்த் தொடுவேன். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது வாளிகளை நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

புதிய தொட்டியில் தண்ணீர் ஏற ஏறக் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு மூலையில் ஒரு சொட்டு கசிந்தது, பிறகு நின்றது. இரண்டு முனைகளிலும் உடைந்த பூந்தொட்டி ஒவ்வொன்றைக் கவிழ்த்தேன். முதலில் பெண்ணை விட்டேன். அது தரையோடு நீந்தி இடது முனைப் பூந்தொட்டிக்குள் போனது. ஒரு நாள் கழித்து ஆணை விட்டேன்.

அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். ஆண் வலது முனையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு பெண்ணைக் கண்டது. பட்டைகள் கறுத்தன. அம்பு மாதிரி வந்தது. பெண் பூந்தொட்டியை விட்டு வெளியேறி மேலே ஓடியது, திரும்பியது, இடது மூலைக்குப் போய் ஒண்டியது. ஆண் பாதி தூரத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் வந்தது. நின்றது. அங்கேயே மிதந்து துடுப்புகளை விரித்துக் காட்டியது. பிறகு மெல்லத் திரும்பி வலது பக்கம் போனது.

"இனிமே அடிக்காதில்ல?" என்றாள் அம்மா.

"அடிக்கும்மா."

"அப்ப எதுக்குடி இவ்ளோ பெருசு?"

"ஓடறதுக்கு."

நான் ஒரு மண்புழுத் துண்டை இடது முனையில் போட்டேன். அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, வலது பக்கம் ஒரு கண்ணை வைத்தபடி, பெண் அதை வந்து எடுத்தது.